பழைய லினக்ஸில் புதுச் சாமான் ஏற மறுத்தால்...

கடையில் பில் போடக் கொம்பியூட்டர் வைத்திருக்கும் நம்மவர்களிடம் அதற்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டால், "பொடியன் ஒருவன் போட்டுத் தந்தான்" என்பதே பதிலாக இருக்கும். நானும் பதினொரு வருடம் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தேன். 2023 நவம்பர் 3 ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு ஹாலிஎலயில் எனது கடையில் நடந்த சம்பவத்துக்குப் பிறகுதான், அதற்குள் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் வந்தது.

திகதியைக் கவனியுங்கள். அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. தோட்டத்தில் சம்பளம் 10 ஆம் திகதி. எனது வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் தோட்டத்து லயங்களில் இருப்பவர்கள். அரிசி, மா, சீனி, தேங்காய் எண்ணெய் எல்லாம் மாதம் முழுக்கக் கணக்கில் எடுத்து, சம்பளத்தன்று தீர்ப்பார்கள். பண்டிகை மாதம் என்றால் கணக்கு இரண்டு மடங்காகிவிடும். அன்றைய நிலவரப்படி நூற்று நாற்பது குடும்பங்களின் பற்று, ஒன்பது லட்சம் ரூபாவுக்கு மேல், அந்த ஒரு பெட்டிக்குள் மட்டுமே இருந்தது. எழுத்துக் கொப்பியை 2019 இலேயே நிறுத்திவிட்டேன். கணக்கு எனது பணம் மட்டுமல்ல. கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் பொதுவான அமானிதம். ஒரு ரூபா கூட்டியும் கேட்க முடியாது, குறைத்துச் சொல்லும்படி அவர்களைச் சங்கடத்தில் ஆழ்த்தவும் கூடாது.

நடந்தது இதுதான். பழைய டொட்மெட்ரிக்ஸ் பிரிண்டர் கைவிட்டுவிட்டது. பதுளையில் ஒரு கடையில் புதிய பிரிண்டர் ஒன்றை வாங்கி வந்தேன். கொழுவினால் கொம்பியூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவர் இன்ஸ்டோல் செய்ய வேண்டும் என்றார்கள். எனது மருமகன் (தங்கையின் மகன், கொம்பியூட்டரில் கொஞ்சம் கை உள்ளவன்) இரவு கடை பூட்டிய பின் வந்து உட்கார்ந்தான். முதலில் "404" என்று ஒரு பிழை. பிறகு இன்னொன்று. அதையும் ஏதோ செய்து தாண்டினான். "மாமா, இப்ப போகுது" என்று சொன்னவன் "வை" விசையைத் தட்டினான். பாதி வழியில் மழைக்கு லைன் போனது. எனது யூபிஎஸ் பெட்டியின் பெட்டரி செத்து எத்தனையோ மாதம். கரண்ட் வந்து போட்டுப் பார்த்தால் கறுப்புத் திரை.

அந்த இரவில் என்ன பிழை நடந்தது, எது எதனால் வந்தது என்பதைப் பின்னர் ஒவ்வொன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். என்னைப் போலவே 2010, 2012 காலத்தில் லினக்ஸ் போட்டுவிட்டு அதை அப்படியே ஓட்டிக் கொண்டிருக்கும் கடைகள் பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கம் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கட்டளைகளைக் கொம்பியூட்டரில் சிறிய ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். போனில் ஒருவருக்குச் சொல்வதுபோல இங்கே அவற்றின் உச்சரிப்பை மட்டும் தருகிறேன்.

காலாவதித் திகதி உள்ள சரக்கு

லினக்ஸுக்கு நாங்கள் வந்த காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் வந்த பிறகு களவாகக் கொப்பி பண்ணிய விண்டோஸை வைத்துக் கடை நடத்துவது சட்டப்படியும் பிரச்சினை, மனச்சாட்சிப்படியும் பிரச்சினை. ஒருவரின் உழைப்பைக் கேட்காமல் எடுத்து அதில் ஹலாலான கணக்கு எழுதுவதா என்று நண்பர் ஒருவர் கேட்டது எனக்குச் சுட்டது. உபுண்டுவோ இலவசம். அதைத் தயாரிக்கும் கெனோனிகல் நிறுவனம் 2005 தொடக்கம் 2011 ஏப்ரல் வரை சிடிக்களைத் தபால் செலவும் கேட்காமல் உலகமெங்கும் அனுப்பியது. எனது முதலாவது சிடியும் அப்படித்தான் ஹாலிஎல தபாலகத்துக்கு வந்து சேர்ந்தது.

இலவசம் என்பதால் அதற்குக் காலாவதி இல்லை என்று நினைத்தது எனது தவறு. உபுண்டுவின் பெயரிலேயே தயாரித்த மாதம் இருக்கிறது. 12.04 என்றால் 2012 ஏப்ரல். 22.04 என்றால் 2022 ஏப்ரல். நீண்டகால ஆதரவு உள்ள வெளியீடுகளுக்கு ஐந்து வருடம் வரை திருத்தங்கள் வரும். இடைப்பட்ட வெளியீடுகளுக்கு ஒன்பது மாதம் மட்டுமே. எனது பெட்டியில் இருந்த 12.04 இற்கு 2017 ஏப்ரலில் தவணை முடிந்திருந்தது. பிஸ்கட் பெட்டியின் திகதியைத் திருப்பிப் பார்த்து வாங்கும் நான், ஆறரை வருடம் காலாவதியான சரக்கில் கணக்கு எழுதிக் கொண்டிருந்திருக்கிறேன்.

உங்களுடையது எது என்று பார்க்க டர்மினலைத் திறந்து "எல்எஸ்பி அண்டர்ஸ்கோர் ரிலீஸ், இடைவெளி, ஹைபன் ஏ" என்று தட்டுங்கள். வெளியீட்டு இலக்கமும் அதன் செல்லப் பெயரும் வரும். 12.04 இற்கு "ப்ரிசைஸ்", 16.04 இற்கு "ஸெனியல்". இந்தச் செல்லப் பெயர் முக்கியம், பின்னால் வருகிறது.

கடை மாறிப்போன மொத்த வியாபாரி

லினக்ஸில் ஒரு மென்பொருளை இன்ஸ்டோல் செய்வது கொழும்பிலிருந்து சாமான் எடுப்பது போன்றது. மென்பொருள் "பெக்கேஜ்" என்னும் பொதியாகக் கட்டப்பட்டு இணையத்தில் ஒரு களஞ்சியத்தில் இருக்கும். எந்தக் களஞ்சியம் என்ற விலாசம் உங்கள் கொம்பியூட்டருக்குள் ஒரு சிறு பைலில் எழுதப்பட்டிருக்கும். "ஈடிசி" கோப்புறைக்குள் "ஆப்ட்" கோப்புறை, அதற்குள் "ஸோர்ஸஸ் டொட் லிஸ்ட்". "சுடோ ஆப்ட்-கெட் அப்டேட்" என்பது புதிய விலைப்பட்டியலை எடுத்து வருவது. "சுடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டோல்" என்று எழுதிப் பொதியின் பெயரைச் சேர்ப்பது ஓடர் கொடுப்பது.

நமது நாட்டில் போட்ட உபுண்டுக்களில் விலாசம் பெரும்பாலும் "எல்கே டொட் ஆர்க்கைவ் டொட் உபுண்டு டொட் கொம்" என்றிருக்கும். தவணை முடிந்த வெளியீடுகளின் சரக்கை ஒரு கட்டத்தில் அங்கிருந்து தூக்கி வேறு களஞ்சியத்தில் போட்டுவிடுவார்கள். கெய்சர் வீதியில் வழக்கமாக எடுக்கும் கடைக்குப் போகிறீர்கள். கதவு பூட்டியிருக்கிறது, எங்கே போனார்கள் என்று ஒரு போர்டுகூட இல்லை. அந்தப் பூட்டிய கதவுதான் "404 நொட் பவுண்ட்". இணையம் வேலை செய்கிறது, கொம்பியூட்டரிலும் பழுது இல்லை. விலாசம் மட்டும் பழையது.

புதிய விலாசம் "ஓல்ட்-ரிலீசஸ் டொட் உபுண்டு டொட் கொம்". ஸோர்ஸஸ் டொட் லிஸ்டை முதலில் வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, "சுடோ நேனோ" மூலம் திறந்து, "எல்கே டொட் ஆர்க்கைவ்" வரும் இடங்களிலும் "செக்யூரிட்டி டொட் உபுண்டு டொட் கொம்" வரும் இடங்களிலும் இந்தப் புதிய பெயரைப் போட வேண்டும். பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். அதனால் பாதி 404 மறைந்து பாதி மிஞ்சுகிறது. விலாசத்துக்குப் பின்னால் வரும் மிச்சத்தைத் தொடாதீர்கள். "ப்ரிசைஸ்" என்ற செல்லப் பெயரைத் தொடவே கூடாது. "எக்ஸ்ட்ராஸ்" என்றும் "கெனோனிகல்" என்றும் விலாசம் உள்ள வரிகளின் முன்னால் ஒரு ஹேஷ் அடையாளம் போட்டு நிறுத்திவிடலாம். பிறகு அப்டேட் கொடுத்தால் பட்டியல் வரும்.

ஒரு எச்சரிக்கை. இது எல்லா வெளியீட்டுக்கும் பொருந்தாது. 16.04, 18.04, 20.04 ஆகியவற்றின் பொதிகள் பழைய விலாசத்திலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் 404 வந்தால் பெரும்பாலும் நீங்கள் அப்டேட் கொடுக்காமலே இன்ஸ்டோல் கொடுத்திருப்பீர்கள். போன வருட விலைப்பட்டியலை வைத்து ஓடர் கொடுத்தது மாதிரி. முதலில் அப்டேட் கொடுத்துப் பாருங்கள்.

சில கணக்கு மென்பொருள்காரர்கள் சென்ட்ஓஎஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அங்கும் இதே கதைதான். சென்ட்ஓஎஸ் 6 இற்கு 2020 நவம்பர் 30 இலும், 8 இற்கு 2021 டிசம்பர் 31 இலும், 7 இற்கு 2024 ஜூன் 30 இலும் தவணை முடிந்தது. "மிரர்லிஸ்ட் டொட் சென்ட்ஓஎஸ் டொட் ஓஆர்ஜி" யைக் காணவில்லை என்று பிழை வந்தால் காரணம் இதுதான். அவர்களுடைய பழைய களஞ்சியத்தின் பெயர் "வோல்ட் டொட் சென்ட்ஓஎஸ் டொட் ஓஆர்ஜி". ஆனால் பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள் அதில் ஓடினால், நீங்களாகக் கை வைக்காமல் விற்றவரைக் கூப்பிடுங்கள்.

இருநூறு ரூபா பெட்டரி

விலாசம் சரியாக இருந்தும் கையொப்பப் பிழை, சான்றிதழ்ப் பிழை என்று வந்தால் வலது மேல் மூலையில் திகதியைப் பாருங்கள். எனது பெட்டியில் அது பத்து வருடம் பின்னால் நின்றது. மதர்போர்டில் ஒரு ரூபாக் குற்றி அளவில் வட்டமான பெட்டரி இருக்கிறது, சீஆர் 2032. அது செத்தால் ஒவ்வொரு முறை கரண்ட் நின்று வரும்போதும் திகதி பின்னுக்குப் போகும். பொதிகளுக்கு டிஜிட்டல் சீல் இருக்கிறது. "இந்தச் சீல் இன்னும் வராத ஒரு நாளில் வைக்கப்பட்டிருக்கிறதே" என்று சிஸ்டம் சந்தேகப்படுகிறது. அது சந்தேகப்படுவது சரிதான். பெட்டரிக்கு இருநூறு ரூபா கொடுத்தேன். பில்லில் தப்பான திகதி விழுவதை வாடிக்கையாளர் இரண்டு மூன்று தடவை காட்டியும் நான் பொருட்படுத்தாமல் இருந்ததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

திகதி சரியாக இருந்தும் "நோ பப்கீ" என்று வந்தால், முன்பு யாரோ சேர்த்துவிட்டுப் போன வெளியார் களஞ்சியம் ஒன்றின் சாவி உங்களிடம் இல்லை என்று பொருள். அந்தக் களஞ்சியம் தேவையா என்று கேளுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. தெரியாத இடத்தின் சாவியை இணையத்தில் தேடி எடுத்துப் போடுவது, முகம் தெரியாதவனிடம் கடைச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். "சீல் பார்க்காமல் ஏற்றிக்கொள்" என்று கட்டளை கொடுக்கவும் வழி உண்டு. அதைக் கற்றுத் தரும் பொடியன்மாரைக் கடைக்குள் விடாதீர்கள்.

மற்றப் பிழைகளில் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "கெட் லொக்" முடியவில்லை என்று வந்தால் வேறொரு இன்ஸ்டோல் பின்னால் ஓடிக் கொண்டிருக்கிறது. அது முடியும்வரை பொறுங்கள். "நோ ஸ்பேஸ்" என்று வந்தால் டிஸ்க் நிரம்பிவிட்டது. பழைய கேர்னல்கள் சேர்ந்து "பூட்" பகுதி நிரம்புவது வழக்கம். "சுடோ ஆப்ட்-கெட் கிளீன்" கொடுத்தால் இறக்கி வைத்த பொதிகளின் குப்பை போகும், ஆனால் பூட் பகுதிக்கு அது போதாது. பழைய கேர்னல்களைப் பெயர் சொல்லி நீக்க வேண்டும், அதுவும் இப்போது ஓடுவதைத் தவிர்த்து.

அங்குலமும் மில்லிமீட்டரும்

இனி எனது மருமகன் செய்த தவறுக்கு வருகிறேன். அவனைக் குறை சொல்வதற்காக அல்ல. விஷயம் தெரிந்தவர்களே இதைச் செய்கிறார்கள்.

404 வந்ததும் அவன் விலாசத்தை மாற்றவில்லை. செல்லப் பெயரை மாற்றினான். "ப்ரிசைஸ்" என்றிருந்த இடமெல்லாம் "ஸெனியல்" என்று போட்டான். அதாவது 12.04 ஓடும் கொம்பியூட்டரிடம் 16.04 இன் சரக்குப் பட்டியலைக் கொடுத்தான். பிழை உடனே மறைந்தது. அங்கேதான் ஏமாந்தோம்.

எனது கடையில் பலசரக்கோடு கொஞ்சம் ஹார்ட்வெயார் சாமானும் உண்டு. அங்குல மரை உள்ள போல்ட்டுக்கு மில்லிமீட்டர் நட் போட்டால் முதல் இரண்டு சுற்று ஏறும். ஏறுகிறதே என்று ஸ்பெனர் பிடித்து இறுக்கினால் மரை அழிந்துவிடும். பிறகு சரியான நட்டும் ஏறாது.

லினக்ஸில் ஏறக்குறைய எல்லா மென்பொருளுக்கும் கீழே "ஜிலிப்ஸி" என்ற ஓர் அடிப்படை நூலகம் இருக்கிறது. 12.04 இல் அதன் பதிப்பு 2.15. 16.04 இல் 2.23. 22.04 இல் 2.35. புதிய ஜிலிப்ஸிக்கு மரை வெட்டப்பட்ட மென்பொருள் பழையதில் ஏறாது. "ஜிலிப்ஸி இன்ன பதிப்பு இல்லை" என்று பிழை சொல்லும். எனவே புதிய டிரைவர் பொதி ஒன்றைக் கேட்டவுடன் அது தனக்குப் புதிய ஜிலிப்ஸி வேண்டும் என்றது. ஜிலிப்ஸியை மாற்ற வேண்டும் என்றால் அதைச் சார்ந்த மற்றவற்றில் பலவற்றையும் மாற்ற வேண்டும், ஒத்துவராதவற்றைக் கழற்ற வேண்டும். ஒரு பிரிண்டருக்காக வீட்டின் அத்திவாரத்தையே கிளப்புகிற வேலை.

ஆப்ட் இதை ஒளிக்கவில்லை. இன்னின்ன புதிதாக வரும், இன்னின்ன நீக்கப்படும் என்று பட்டியல் போட்டுக் காட்டிவிட்டுத்தான் "தொடரவா?" என்று கேட்டது. நீக்கப்படும் பட்டியலில் "மைஎஸ்கியூஎல்-சர்வர்" என்று இருந்தது. எனது நூற்று நாற்பது குடும்பக் கணக்கும் அதற்குள்தான் இருந்தது. அவனும் வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை. வங்கிக் கடிதத்தில் எங்கே கையெழுத்து என்று மட்டும் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு.

இன்ஸ்டோல் கட்டளையில் "ஹைபன் எஸ்" என்று சேர்த்தால் அது ஒத்திகை மட்டும் பார்க்கும். எதையும் ஏற்றாது, கழற்றாது. பழைய பெட்டியில் ஒத்திகை பார்க்காமல் எதையும் தொடக்கூடாது. நீக்கப்படும் பட்டியலில் ஒரு பெயராவது வந்தால் நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

ஒரே வெளியீட்டுக்குள் பாதியில் கரண்ட் போனால் சமாளிக்கலாம். "சுடோ டிபிகேஜி, இடைவெளி, இரண்டு ஹைபன் கன்பிகர், இடைவெளி, ஹைபன் ஏ" என்பது பாதியில் நின்ற வேலையை முடிக்கும். அதன் பிறகு "சுடோ ஆப்ட்-கெட், ஹைபன் எஃப், இன்ஸ்டோல்" என்பது அறுந்த சார்புகளைக் கட்டும். மழைக்காலத்தில் நம் பகுதியில் இந்த இரண்டு கட்டளையும் மனப்பாடமாக இருக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் அத்திவாரம் பாதி பழையது, பாதி புதியது என்று நின்றதால் கட்டளை தட்டுவதற்கு முன்னரே பெட்டி விழுந்துவிட்டது.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும்

மறுநாள் காலையில் ஒரு சீஆர் கொப்பியை வாங்கிக் கொண்டு கடை திறந்தேன். புதுக் கணக்கை எழுதலாம், பழையது? தோட்டத்திலிருந்து வரும் ஒரு பெரியம்மா கொம்பியூட்டர் மூடிக் கிடப்பதைக் கண்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். "ஏன் மொதலாளி, ஏங் கணக்க நானே எழுதி வச்சிருக்கேன்" என்று ஒரு பழைய பாடசாலைக் கொப்பியை எடுத்து நீட்டினார். பேத்தி எழுதித் தந்ததாம், சாமானும் விலையும் நாள்வாரியாக. அப்படி எழுதி வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று அன்று விசாரித்தேன். பதினேழு பேர். மிச்சம் நூற்று இருபத்து மூன்று குடும்பங்களுக்கு என்னிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை.

அதற்குள் மருமகன் பதுளையில் ஒருவரிடம் விசாரித்து ஓர் உண்மையைக் கொண்டு வந்தான். அது எங்களைக் காப்பாற்றியது. லினக்ஸில் "ரிமூவ்" என்பது மென்பொருளைத்தான் கழற்றும், தரவை அழிக்காது. "பேர்ஜ்" கொடுத்தால்தான் ஆபத்து. மைஎஸ்கியூஎல் கழன்று போனாலும் அதன் தரவு "வார்" கோப்புறைக்குள் "லிப்" கோப்புறையில் "மைஎஸ்கியூஎல்" என்ற கோப்புறையில் அப்படியே கிடக்கும்.

பென் டிரைவில் புதிய உபுண்டு ஒன்றைப் போட்டு, இன்ஸ்டோல் செய்யாமல் "டிரை" என்ற முறையில் அந்தப் பெட்டியைத் திறந்தோம். ஹார்ட் டிஸ்க் தெரிந்தது. கோப்புறை இருந்தது. அதை முழுதாகக் கொப்பி எடுத்தோம். "முழுதாக" என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதற்குள் கடையின் பெயரில் ஒரு துணைக் கோப்புறை இருக்கும். அதை மட்டும் எடுத்தால் போதும் என்று தோன்றும். போதாது. பொதுவாக இருக்கும் "ஐபிடேட்டா" என்ற பெரிய பைலும் அதன் லொக் பைல்களும் இல்லாமல் அது திறக்காது.

கொப்பி கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதைத் திறக்க அதே வயதுள்ள மைஎஸ்கியூஎல் வேண்டும். 12.04 இல் இருந்தது 5.5. புதியவை இவ்வளவு பழைய கோப்புறையை நேரடியாக ஏற்காது. இங்கேதான் ஓல்ட்-ரிலீசஸ் களஞ்சியத்தின் அருமை தெரிந்தது. மருமகனின் மடிக்கணினியில் "வேர்ச்சுவல்பொக்ஸ்" என்ற இலவச மென்பொருளுக்குள், கொம்பியூட்டருக்குள் ஒரு பொய்க் கொம்பியூட்டராக, 12.04 ஐ இறக்கிப் போட்டோம். ஸோர்ஸஸ் டொட் லிஸ்டில் விலாசத்தை மாற்றினோம், இம்முறை செல்லப் பெயரைத் தொடாமல். மைஎஸ்கியூஎல் 5.5 வந்து ஏறியது. கோப்புறையை உரிய இடத்தில் வைத்து, அதன் உரிமையை மைஎஸ்கியூஎல் பெயருக்கு மாற்றி, ஓட்டினோம். ஞாயிறு அஸருக்குச் சற்று முன்னர் கணக்கு திறந்தது. அல்ஹம்துலில்லாஹ். முதல் வேலையாக "மைஎஸ்கியூஎல்டம்ப்" கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே எழுத்துப் பைலாக எடுத்து இரண்டு பென் டிரைவில் வைத்தோம். அந்தப் பைலை எந்தப் பதிப்பிலும் பெரும்பாலும் ஏற்றலாம். ஒன்றுமே இல்லாவிட்டாலும் கண்ணால் வாசிக்கலாம்.

பெரியம்மாவின் கொப்பியோடு ஒப்பிட்டேன். ஒரு சவர்க்காரக் கட்டி நான் எழுத மறந்திருந்தேன். அவர் எழுதியிருந்தார்.

பிரிண்டர் என்னவாயிற்று?

வாசகர்கள் இதைக் கேட்பீர்கள். அன்றிரவு விலாசத்தைச் சரியாக மாற்றியிருந்தாலும் அந்தப் பிரிண்டர் வேலை செய்திருக்காது என்பதுதான் உண்மை. ஓல்ட்-ரிலீசஸில் கிடைப்பது 12.04 காலத்துச் சரக்கு. 2012 இல் கட்டிய டிரைவர் பொதிக்கு அதற்குப் பல வருடம் கழித்து வந்த பிரிண்டரின் பெயர் எப்படித் தெரியும்? பிரிண்டர் "பீசீஎல்" அல்லது "போஸ்ட்ஸ்கிரிப்ட்" மொழி பேசினால் பொதுவான டிரைவரால் சமாளிக்கலாம். மலிவான பிரிண்டர்கள் பல அவற்றைப் பேசுவதில்லை, என்னுடையதும் பேசவில்லை. பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்கள் புதிய கருவி வாங்குமுன் இதைக் கடையில் கேட்க வேண்டும். அதேவேளை, அண்மைக்கால லினக்ஸ்களில் புதிய பிரிண்டர்கள் பல தனியாக டிரைவர் போடாமலே வேலை செய்கின்றன. எங்கள் பிரிண்டர் அந்த மடிக்கணினியில் கொழுவியவுடன் அச்சடித்தது.

ஆகவே பழையதில் எதை ஏற்றலாம், எப்போது கைவிட வேண்டும் என்பதை இப்படிப் பிரித்துக்கொண்டேன். முன்பு இருந்து கழன்றுபோன ஒன்றை மீண்டும் போட வேண்டும் என்றால், அல்லது தரவை வெளியே எடுக்க ஒரு கருவி வேண்டும் என்றால், பழைய களஞ்சியம் போதும். 12.04 காலத்துக்குப் பிறகு பிறந்த எதுவும் வேண்டும் என்றால் வீண் முயற்சி. பழைய களஞ்சியத்தில் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் புதிதாக வராது. எனவே அந்தப் பெட்டியில் வங்கிக் கணக்கைத் திறப்பதோ ஈமெயில் பார்ப்பதோ கூடாது.

ஒவ்வொரு மாடியாக ஏறிப் புதுப்பிக்கவும் வழி உண்டு. 12.04 இலிருந்து 14.04, அங்கிருந்து 16.04 என்று படிப்படியாகத்தான் போகலாம், தாண்ட முடியாது. ஒவ்வொரு படியிலும் மணிக்கணக்கில் இறங்கும், ஒவ்வொரு படியிலும் விழலாம். கடைக்காரனுக்கு அது வேண்டாம் என்பது எனது கருத்து. தரவை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே மேல். 18.04 அல்லது 20.04 வைத்திருப்பவர்களுக்கு அவசரம் இல்லை. "உபுண்டு புரோ" வில் பதிந்தால் ஐந்து கொம்பியூட்டர் வரை இலவசமாக, 18.04 இற்கு 2028 ஏப்ரல் வரையும் 20.04 இற்கு 2030 வரையும் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும்.

புதிதாகப் போடுமுன் "எல்எஸ்சீபீயூ" என்று தட்டிப் பாருங்கள். "32-பிட், 64-பிட்" என்று இரண்டும் வந்தால் உங்கள் இயந்திரம் 64 பிட். அக்காலத்தில் 64 பிட் இயந்திரத்தில் 32 பிட் லினக்ஸைப் போட்டுவிட்டுப் போனவர்கள் அதிகம். எனது பெட்டியும் அப்படித்தான். இது தெரியாமல் பெட்டியையே தூக்கி எறிய வேண்டாம். 2022 இல் டொலர் இருநூறு ரூபாச் சொச்சத்திலிருந்து முந்நூற்று அறுபதைத் தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். உண்மையிலேயே 32 பிட் மட்டும் என்றால் டெபியன் 12 ஐப் போடலாம், 2028 வரை ஆதரவு உண்டு. 2025 இல் வந்த டெபியன் 13 இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

நான் முப்பத்தெட்டாயிரம் ரூபாவுக்குப் பாவித்த ஒபிஸ் கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி 22.04 போட்டேன். யூபிஎஸ் பெட்டரியையும் மாற்றினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தால், பில் போடும் மென்பொருள் புதியதில் ஓடவில்லை. அது பீஎச்பீ என்ற மொழியில் 2012 இல் எழுதியது. அப்போது மைஎஸ்கியூஎல்லோடு பேசப் பயன்படுத்திய கட்டளைகளை 2015 டிசம்பரில் வந்த பீஎச்பீ 7 இல் முற்றாக எடுத்துவிட்டார்களாம். திருத்தி எழுத வேண்டும். எழுதிய பொடியன் இப்போது கட்டாரில்.

எனவே இப்போதைக்குப் புதிய கொம்பியூட்டருக்குள் வேர்ச்சுவல்பொக்ஸில் பழைய 12.04 ஓடுகிறது, இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்ட நிலையில். அது பில்லை ஒரு பைலாக வெளியே தள்ளுகிறது. வெளியே இருக்கும் 22.04 அதைப் புதிய பிரிண்டரில் அச்சடிக்கிறது. தினமும் கடை பூட்டுமுன் டம்ப் பைல் ஒரு பென் டிரைவுக்குப் போகிறது. வாரத்துக்கு ஒரு பென் டிரைவ் பதுளையில் தங்கை வீட்டுக்குப் போகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நம் மாவட்டம் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு இரண்டாவதை மாவட்டத்துக்கு வெளியே, கொழும்பில் மகளிடம் கொடுத்து வைக்கத் தொடங்கியிருக்கிறேன். சம்பளத்துக்கு முதல் நாள் எல்லாக் குடும்பத்தின் மீதியையும் கடதாசியில் அச்சடித்து, வருகிறவர்களிடம் ஒரு துண்டு கொடுக்கிறோம்.

கட்டாரில் இருப்பவர் விடுமுறைக்கு வரும்போது திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு விடுமுறை போய்விட்டது. மருமகன் இதற்கிடையில் பீஎச்பீ படித்துக் கொண்டிருக்கிறான்.